வாடகை வீடும் ஓர் அமானிதம்: பூச்சை அல்ல, உறுதியைப் பாருங்கள்



புத்தளத்திலும் கொழும்பிலும் வியாபாரம் செய்யும் வடபுலத்துச் சகோதரர்கள் பலர் இப்போது ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். “யாழ்ப்பாணப் பக்கம் ஒரு கிளை போட யோசனை. வலிகாமம் வடக்கில் யுத்தத்துக்கு முந்திய வீடுகளைத் திருத்தி வாடகைக்கு விடுகிறார்கள். அமைதியான இடம், வாடகையும் டவுனை விடக் குறைவு. எடுக்கலாமா?”

தாராளமாக எடுக்கலாம். ஆனால் அந்த வீடுகள் கொழும்பு வீடுகளைப் போன்றவை அல்ல. அவற்றின் சுவருக்குள்ளே ஒரு யுத்தமும் ஓர் இடப்பெயர்வும் இருக்கின்றன. சுவரைப் பார்த்து எடுப்பவர் ஏமாறக் கூடும். உறுதியைப் பார்த்து, எழுதி, அமானிதமாக எடுப்பவருக்கு இன்ஷா அல்லாஹ் நட்டமில்லை. கடந்த வருடம் என் மகனின் வியாபாரத்துக்காகத் தெல்லிப்பழையில் ஒரு வீடு எடுத்தேன். அந்த அனுபவத்தையும் அதற்காகக் கேட்டறிந்த சட்ட, மார்க்க விடயங்களையும் இங்கே தருகிறேன்.

ஏன் தெல்லிப்பழை?

யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை வீதியில் சுன்னாகம், மல்லாகம் தாண்டினால் தெல்லிப்பழை. அமெரிக்க மிஷனரிமார் 1816இல் வந்திறங்கிப் பள்ளிக்கூடம் தொடங்கிய ஊர். யூனியன் கல்லூரி, மகாஜனக் கல்லூரி, துர்க்கை அம்மன் கோவில், ஆதார வைத்தியசாலை, புற்றுநோய் வைத்தியசாலை எல்லாம் இங்கேதான்.

1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டபோது வலிகாமம் வடக்கு மக்கள் ஊரை விட்டு வெளியேறினார்கள். காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையும் அந்த வருடத்தோடு நின்றது. பெரும் பகுதி உயர் பாதுகாப்பு வலயமாகியது. யுத்தம் 2009இல் முடிந்த பிறகே காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டன. 2015க்குப் பின் அது வேகமாகியது. இன்னும் விடுவிக்கப்படாத காணிகளும் உண்டு.

ரயில் 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரை மீண்டும் ஓடியது. பலாலி விமான நிலையம் 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நாகபட்டினம் – காங்கேசன்துறை கப்பல் சேவை 2023 ஒக்டோபரில் ஆரம்பமாகி, இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் தொடங்கியது. துறைமுகம், விமான நிலையம், ரயில், வைத்தியசாலை நான்கும் கிட்டக் கிட்ட இருக்கும் இடம். வியாபாரியின் கண் அங்கே போவதில் ஆச்சரியமில்லை.

உறுதி யாருடைய பெயரில்?

நான் பார்த்த வீடு மலாயன் பென்சனியர் ஒருவர் கட்டியது. வைரக்கல் சுவர், சுண்ணாம்புச் சாந்து, பனைமரக் கூரை, முன்னால் நீண்ட விறாந்தை. கூரையும் கதவு நிலைகளும் யுத்த காலத்தில் போய்விட்டன. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் காசு அனுப்பிப் புதுக் கூரை போட்டு, நிலத்துக்கு மாபிள் பதித்து, பால் வெள்ளையில் பெயின்ற் அடித்திருந்தார்கள்.

தரகர் சொன்னார்: “முதலாளி, பாருங்கோ, பழைய வீடு எண்டு ஆரும் சொல்லேலாது. தமையன்தான் எல்லாம் பாக்கிறார். அவர் நாளைக்கே கையெழுத்து வைப்பார்.”

நான் உறுதியின் பிரதியைக் கேட்டேன். வீடு தமையனுடையது அல்ல. கனடாவில் இருக்கும் தங்கைக்குச் சீதனமாக எழுதியது.

இதை நம்மவர் நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும். யாழ்ப்பாணத் தமிழரின் சொத்துக்களுக்குத் தேசவழமைச் சட்டம் பொருந்தும். ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த சட்டம் அது. முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று சொத்தைப் பிரிக்கிறது. வீடு பெரும்பாலும் பெண் பிள்ளைக்குச் சீதனமாகப் போகும். ஆகவே உங்களோடு பேசும் அண்ணனோ மாமனோ உரிமையாளராக இல்லாமல் இருக்கலாம். இன்னொன்று: 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமை, வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, திருமணமான பெண் தனது அசையாச் சொத்தைப் பராதீனப்படுத்தக் கணவரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். மனைவி மட்டும் கையெழுத்திட்டால் பின்னால் சிக்கல் வரலாம்.

உரிமையாளர் இறந்து, உறுதி மாற்றப்படாத வீடுகளும் நிறைய உண்டு. ஒரு வீட்டுக்கு ஐந்து பங்காளிகள்: ஒருவர் கனடா, ஒருவர் லண்டன், ஒருவர் பாரிஸ். ஒருவரோடு பேசி வீட்டை எடுத்தால் மற்ற நால்வரும் உங்களைக் கேள்வி கேட்கலாம்.

வெளிநாட்டு உரிமையாளர் அற்றோனித் தத்துவம் கொடுத்திருந்தால் மூன்று விடயங்களைப் பாருங்கள். ஒன்று, குத்தகைக்குக் கொடுக்கும் அதிகாரம் அதில் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா? இரண்டு, அது இலங்கையில் பதியப்பட்டிருக்கிறதா? மூன்று, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா? கொடுத்தவர் மௌத்தானால் அற்றோனித் தத்துவமும் அதோடு முடிந்துவிடும்.

உறுதி யுத்தத்தில் தொலைந்துவிட்டது என்று சொல்வார்கள். உண்மையாகவும் இருக்கும். ஆனால் நொத்தாரிசு எழுதிய உறுதியின் இணைப் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போயிருக்கும். உறுதிப்படுத்திய பிரதி அங்கே எடுக்கலாம். அப்படியே பதிவேட்டையும் பார்த்து, வீடு வங்கியில் ஈடு வைக்கப்பட்டிருக்கிறதா என்பதை அறிந்துகொள்ளுங்கள்.

எங்கள் விடயத்தில் தங்கையின் அற்றோனித் தத்துவமும் கணவரின் சம்மதமும் கனடாவிலிருந்து வரக் கொஞ்ச நாள் சென்றது. தரகர் அவசரப்பட்டார். நான் காத்திருந்தேன்.

நொத்தாரிசு இல்லாத குத்தகை

நம்மவரில் பலர் முத்திரை ஒட்டிய ஒரு தாளில் எழுதி, சமாதான நீதவானிடம் கையெழுத்து வாங்கினால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். மாதாந்த வாடகைக்கு மட்டுமே விலக்கு. மூன்று வருடத்துக்கென்று சாதாரணத் தாளில் எழுதி, உள்ளே ராக்கை அடித்து, ஏசி போட்ட பிறகு “அடுத்த மாதம் எழும்புங்கோ” என்றால் அந்தத் தாள் உங்களுக்குக் கைகொடுக்காது.

எழுதிய குத்தகையைக் காணிப் பதிவகத்தில் பதியவும் வேண்டும். பின்னால் வீடு கைமாறினாலும் உங்கள் குத்தகை தெரியும்படி இருக்கும்.

இது உரிமையாளருக்கும் நல்லது. 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் வந்த காலத்திலிருந்தே “வாடகைக்கு விட்டால் எழுப்ப ஏலாது” என்ற பயம் நம் நாட்டு வீட்டுக்காரரிடம் ஊறிப்போயிருக்கிறது. குத்தகை முடிந்த வீட்டை விரைவாக மீளப் பெறுவதற்கென்று 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வந்தது. முறையான எழுத்து இருந்தால் இரு பக்கமும் நிம்மதி.

கொடுக்கல் வாங்கலைத் தவணையோடு எழுதி, சாட்சி வைத்துக்கொள்ளும்படி சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் அதுதான். எழுதச் சொல்வதை நம்பிக்கையீனம் என்று நினைப்பவர் அந்த வசனத்தை ஒரு தடவை ஓதிப் பார்க்கட்டும்.

ஒத்திக்கு எடுக்கலாமா?

இது மிக முக்கியமான இடம். வீட்டைக் கேட்டுப் போனால் சிலர் இப்படிச் சொல்வார்கள்: “வாடகை வேண்டாம். முப்பது இலட்சம் தாருங்கோ. மூன்று வருடம் இருங்கோ. போகும்போது முழுக் காசையும் வாங்கிக்கொண்டு போங்கோ.”

கேட்க இனிப்பாக இருக்கும். யாழ்ப்பாணத்தில் இதற்கு ஒத்தி என்று பெயர். தேசவழமையிலேயே இடம்பெற்ற பழைய வழக்கம். காசு கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகச் சொத்தின் பலனை அனுபவிப்பார். அவர்களின் வழக்கத்தை நாம் குறை சொல்ல வரவில்லை. ஆனால் நமக்கு அது ஆகாது. கொடுத்த முப்பது இலட்சம் கடன். அது முழுதாகத் திரும்பி வருகிறது. அதற்கு மேல் வீட்டில் இருந்த பலன், கடனால் வந்த இலாபம். அந்த வீட்டின் வாடகை மாதம் 40,000 என்று வைத்தால் மூன்று வருடத்துக்கு 14 இலட்சத்து 40 ஆயிரம் ரூபா. பெயர் ஒத்தியானாலும் உள்ளே இருப்பது வட்டி.

இதே விடயம் வேறு உடுப்பிலும் வரும். “வாடகை 40,000. பத்து இலட்சம் அட்வான்ஸ் போட்டால் 25,000க்குத் தருகிறேன்.” அட்வான்ஸ் கடைசியில் திரும்பி வரும் காசு, உரிமையாளர் அதைப் பாவிக்கிறார். எனவே அது கடன். மாதம் 15,000 குறைகிறதென்றால் வருடத்துக்கு 1,80,000. பத்து இலட்சத்துக்கு நூற்றுக்குப் பதினெட்டு! வங்கியில் வட்டி வேண்டாம் என்று ஒதுங்கிய ஹாஜியார் வீட்டுக்காரரிடம் வட்டி வாங்குகிறார்.

இதற்கு ஹலாலான மாற்று வழி உண்டு. திரும்பி வரும் கடனாக அல்லாமல் வாடகையாகவே முற்பணம் கொடுங்கள். ஒரு வருட வாடகையை ஒரே தடவையில் தருகிறேன், மாதம் 35,000ஆகக் கணக்குப் போட்டு 4,20,000க்கு முடியுங்கள் என்று பேசலாம். அந்தக் காசு உரிமையாளருக்கே சொந்தமாகிறது. நீங்கள் பலனை வாங்குகிறீர்கள். இடையில் வீட்டை விட நேர்ந்தால் மிச்ச மாதங்களின் காசு திரும்ப வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள். பாதுகாப்பு வைப்பு வேண்டுமென்றால் இரண்டு மூன்று மாத வாடகையளவில், வாடகைக் குறைப்போடு தொடுக்காமல் வையுங்கள்.

“நீங்களே திருத்துங்கோ, வாடகை வேண்டாம்”

திருத்தப்படாத வீடுகளுக்கு இந்தப் பேச்சு வரும். நாம் பெரும்பாலும் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுபவர்கள். இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ், ஒரு வீட்டை அதைத் திருத்திக் கட்டுவதையே வாடகையாக வைத்துக் கொடுப்பது செல்லாது என்று சொல்கிறது. காரணம் எளிது. திருத்தவேலைக்கு எவ்வளவு போகும் என்று யாருக்கும் தெரியாது. வாடகை எவ்வளவு என்று தெரியாத ஒப்பந்தம் சண்டையில்தான் முடியும். கூரையைக் கழற்றிய பிறகுதான் சுவர் வெடித்திருப்பது தெரியும்; ஐந்து இலட்சம் என்று நினைத்தது பன்னிரண்டாகும்.

சரியான முறை இதுதான். முதலில் வாடகையை ஒரு தொகையாகப் பேசி முடியுங்கள். உதாரணமாக மாதம் 40,000. அதன் பிறகு தனியாக, உரிமையாளர் ஆறு இலட்சம் வரை தன் சார்பில் செலவு செய்ய உங்களுக்கு எழுத்தில் அனுமதி தரட்டும். பில்லும் படமும் அனுப்புங்கள். அந்தக் காசை மாதம் 20,000ஆக வாடகையில் கழித்தால் முப்பது மாதத்தில் தீரும். இரு பக்கமும் கணக்குத் தெரியும். உங்கள் ஊர் ஆலிம் ஒருவரிடமும் ஒப்பந்தத்தைக் காட்டி அபிப்பிராயம் கேளுங்கள்.

வாடகை ஒப்பந்தம் நடக்கும் காலத்தில் கூரை, சுவர், பெரிய குழாய் போன்றவற்றின் பராமரிப்பு உரிமையாளரின் பொறுப்பு. அன்றாடத் துப்புரவும் நம் கவனயீனத்தால் வந்த சேதமும் நம் பொறுப்பு. மார்க்கச் சட்டத்தில் வாடகைக்காரர் ஓர் அமீன், நம்பி ஒப்படைக்கப்பட்டவர். அவருடைய குற்றமில்லாமல் வந்த சேதத்துக்கு அவர் பிணையல்ல. புயலில் ஓடு பறந்தால் அது உங்கள் கடனல்ல. குழாயைத் திறந்துவிட்டு ஊருக்குப் போய் நிலம் ஊறினால் அது உங்கள் கடன்.

சுவர், கூரை, கிணறு

வீட்டைப் பூச்சுக் காயாத கோடையில் மட்டும் பார்க்காதீர்கள். முடிந்தால் மாரியில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். பழைய வைரக்கல் சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. அது ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். அதன் மேல் தடிப்பாகச் சீமெந்து பூசி, பளபளப்பான பெயின்ற் அடித்தால் ஈரம் உள்ளே அடைபடும். ஒரு மாரி கழிந்ததும் நிலத்திலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்கு உப்புப் பூத்து, பெயின்ற் பொருக்காக எழும்பும். சீனி, மா, துணி அடுக்கும் வியாபாரிக்கு இது பெரிய நட்டம். சாமான் வைக்கும் அறையின் சுவரைக் கையால் தடவிப் பாருங்கள்.

சீலிங் அடித்திருந்தால் ஓர் இடத்தில் திறந்து கூரையைப் பாருங்கள். பழைய பனஞ்சிலாகை வைரம் பாய்ந்ததாக இருந்தால் பயமில்லை. கறையான் ஏறியிருந்தால் தட்டும்போதே சத்தம் சொல்லும். வயரிங் முழுதும் மாற்றப்பட்டதா, ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று எலக்ட்ரீசியன் ஒருவரை வைத்துப் பாருங்கள். உள்ளே போகும் நாளில் மீற்றர் இலக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள்.

கிணற்றை மறக்க வேண்டாம். யாழ்ப்பாணத்தின் நிலத்தடி சுண்ணாம்புக்கல். அழுக்கு வடிகட்டப்படாமல் சுலபமாகக் கிணற்றுக்குப் போய்விடும். சுன்னாகத்தில் மின் நிலையக் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், 2019இல் இரண்டு கோடி ரூபா நட்டஈட்டுக்குத் தீர்ப்பானது. தெல்லிப்பழை அதற்குக் கிட்டத்தான் இருக்கிறது. நீண்ட காலம் பாவிக்காத கிணறானால் இறைத்துத் துப்புரவு செய்து, தண்ணீரைப் பரிசோதித்த பிறகே குடிக்க எடுங்கள். மலக்குழி கிணற்றுக்கு எவ்வளவு தூரம் என்றும் பாருங்கள்.

பாவனையையும் எழுதுங்கள். குடியிருக்க மட்டுமா, சாமான் அடுக்கவுமா? வியாபாரம் நடத்துவதென்றால் வலிகாமம் வடக்குப் பிரதேச சபையில் அனுமதி கேட்க வேண்டும். அமைதியான ஒழுங்கையில் விடியற்காலை நாலு மணிக்கு லொறி வந்து இறக்கினால் அயலவர் முகம் மாறும். அயலவரின் உரிமை எவ்வளவு பெரியதென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொரு விடயம். அந்த வீடுகளில் சாமியறை இருக்கும். சிலர் படங்களையும் பழைய சாமான்களையும் வைத்துப் பூட்டி வைப்பார்கள். அந்த அறையை ஒப்பந்தத்திலிருந்து நீக்கி எழுதிவிடுங்கள். மாட்டிறைச்சி சமைப்பதில் வீட்டுக்காரருக்கு மனவருத்தம் உண்டா என்று முன்கூட்டியே மரியாதையாகக் கேளுங்கள். அவருக்குப் பிடிக்காதென்றால் அந்த வீட்டில் சமைக்காமல் இருப்பதால் நம் ஈமானுக்கு ஒரு குறைவும் வராது. மறைத்துச் செய்து பிறகு தெரியவந்தால் ஒரு சமூகத்தின் பெயரே கெடும்.

ஒரு தாய் கேட்டது

ஒப்பந்தம் எழுதுமுன் உரிமையாளரின் தாயாரைச் சந்திக்க மல்லாகத்துக்குப் போனேன். எண்பதைத் தாண்டியவர். வாடகையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“தம்பி, காசு ஒரு கிழமை பிந்தினாலும் பரவாயில்லை. இருபத்தைஞ்சு வருசமா அந்த வாசலுக்குப் போகேலாமல் இருந்தனாங்கள். இனி வேறை ஆரும் தங்கடை வீடு எண்டு சொல்லாமல் பாத்துக்கொள்ளுங்கோ.”

“அம்மா, நாங்களும் அப்படி வீட்டை விட்டுப் போனவர்கள்தான்” என்றேன். அவர் தலையாட்டினார். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதை அந்தத் தலைமுறைக்கு விளக்க வேண்டியதில்லை. எங்கள் சோனகத் தெரு வீடும் அதில் போனதுதான்.

சகோதரர்களே, நம் சட்டத்தில் ஓர் இடம் இருக்கிறது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒருவர் மற்றவரின் காணியைப் பத்து வருடம் இடையறாது, உரிமையாளருக்கு எதிராக ஆண்டால் அதற்கு உரிமை கோரலாம். யுத்தத்தால் தம் காணிக்குப் போக முடியாதவர்கள் இந்தச் சட்டத்தால் பாதிக்கப்பட்டார்கள். அதனால் 2016இல் 5ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. 1983 மே 1 தொடக்கம் 2009 மே 18 வரையான காலத்தை அப்படிப்பட்டவர்களுக்கு எதிராகக் கணக்கிடாமல் விடுவதே அதன் நோக்கம். அதைக் கேட்டு நின்றவர்களில் நாமும் இருந்தோம். நமக்கு நியாயம் கேட்ட அதே வாயால் இன்னொருவரின் வீட்டில் உட்கார்ந்துகொண்டு சட்ட ஓட்டை தேடுவது எப்படிப் பொருந்தும்?

வாடகை கொடுத்து இருப்பவர் உரிமையாளரின் அனுமதியோடு இருப்பவர். அவருக்கு ஆட்சியுரிமை சும்மா வந்துவிடாது. ஆனால் வாடகை கொடுப்பதை நிறுத்தி, உரிமையாளர் வெளிநாட்டில் என்ற துணிச்சலில் வருடக்கணக்கில் இழுத்தடிப்பவர்கள் எல்லாச் சமூகத்திலும் உண்டு. ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவருக்கு மறுமையில் ஏழு பூமிகள் கழுத்தில் மாலையாகும் என்ற எச்சரிக்கை புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வருகிறது.

மதீனாவில் பள்ளிவாசல் கட்ட நபி (ஸல்) அவர்கள் தேர்ந்தெடுத்த நிலம் ஸஹ்ல், ஸுஹைல் என்ற இரண்டு அநாதைச் சிறுவர்களுடையது. அவர்கள் இலவசமாகத் தர முன்வந்தும், விலை கொடுத்தே அது வாங்கப்பட்டது. அல்லாஹ்வின் வீட்டுக்கே அந்த ஒழுங்கு என்றால் நம் வியாபாரத்துக்கு எப்படி?

சுருக்கமாக

1. உறுதியின் பிரதியைப் பார்த்து, காணிப் பதிவகத்தில் சரிபாருங்கள்.

2. சீதன வீடானால் மனைவியின் கையெழுத்தும் கணவரின் எழுத்துச் சம்மதமும் வேண்டும். பங்காளிகள் இருந்தால் எல்லோரும் வேண்டும்.

3. அற்றோனித் தத்துவத்தின் அதிகாரத்தையும் பதிவையும் பாருங்கள்.

4. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன் எழுதிப் பதியுங்கள்.

5. ஒத்தி வேண்டாம். அட்வான்ஸைக் கூட்டி வாடகையைக் குறைப்பதும் வேண்டாம்.

6. வாடகை வேறு, திருத்தவேலைச் செலவு வேறு. இரண்டையும் தொகையோடு எழுதுங்கள்.

7. சுவர், கூரை, வயரிங், கிணறு நான்கையும் ஆள் வைத்துப் பாருங்கள். உள்ளே போகும் நாளில் எல்லாவற்றையும் படம் எடுத்து இரு பக்கமும் வைத்துக்கொள்ளுங்கள்.

8. வாடகையைத் தவணைக்கு முன் கொடுங்கள். வங்கி மூலம் கொடுத்தால் இரு பக்கமும் சாட்சி இருக்கும்.

9. முடியும் நாளில் சாவியை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். உரிமையாளர் கேட்டு வாங்கும்படி வைக்காதீர்கள்.

பத்திரம் சம்பந்தமான விடயங்களில் வீட்டுக்காரரின் நொத்தாரிசை மட்டும் நம்பாமல் உங்களுக்கென்று ஒரு சட்டத்தரணியை வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குக் கொடுக்கும் காசு செலவல்ல.

தெல்லிப்பழைக்குப் போகும் நம் வியாபாரி அங்கே ஒரு வீட்டை மட்டும் எடுப்பதில்லை. முப்பது வருடத்துக்கு மேல் பிரிந்திருந்த இரண்டு சமூகங்களுக்கிடையில் ஒரு கொடுக்கல் வாங்கலையும் திறக்கிறார். அது சுத்தமாக இருந்தால் பின்னால் வருபவருக்கு வாசல் திறந்திருக்கும். அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கல்களில் நேர்மையையும் பரக்கத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.